எட்டுப் பங்கும் ஓர் ஓய்வும்

1998 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மலைமேல் செம்மேட்டில் நான் குடிவந்த மறுநாள். முகம் கழுவ வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது கவிழ்த்து வைத்த ஒரு வள்ளம். தானியம் அளக்கும் பெரிய இரும்பு அளவை. அதன்மேல் ஒரு பெண்ணின் இடது பாதம் இருந்தது. பிறகுதான் உயர்ந்திருந்த முழங்காலும், தொடையில் பொருந்தி நின்ற கிட்டாரும், எதிரே முக்காலியில் ஒரு மேசைக் கடிகாரமும் தெரிந்தன. கிட்டாரிலிருந்து சத்தமே வரவில்லை. இடது கை விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தந்திமேல் இறங்கின, நின்றன, எழுந்தன. வலது கை மடியில் சும்மா கிடந்தது.

நான் நிற்பதை அவர் பார்த்தார். விரல்கள் நிற்கவில்லை.

"தண்ணி ஆறு மணிக்கு நின்னுருமுங்க. மொதல்ல புடிச்சு வெச்சுக்குங்க" என்றார்.

நான் குடத்தை எடுக்க உள்ளே போனேன்.

அந்த வரிசையில் மூன்று வீடுகள், ஒரே ஓட்டுக் கூரை. நடுச்சுவர்கள் கூரைவரை எழும்பவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிட்டன. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டிலும் தும்மல். நடுவீடு அவருடையது. ஒரு பக்கம் நான். ஒரு நாளிதழின் சேலம் பதிப்புக்கு மலைச் செய்திகள் அனுப்பும் நிருபர். மறுபக்கம் செல்லக்கா. கணவரோடு இரண்டு ஏக்கரில் மிளகும், குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளியும் வைத்திருந்தவர். ஆறரை மணி பஸ்ஸில் பழக்கூடையோடு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, விற்றுவிட்டு மதியம் ஏறி வருவார். என் செய்திக் கவரும் பெரும்பாலும் அதே பஸ்ஸில்தான் போகும்.

நடுவீட்டுக்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். அப்போது வயது முப்பத்தெட்டு. மலை முழுக்க அவரை லேபம்மா என்றுதான் அழைத்தார்கள். பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

அவருடைய இரண்டு கைகளும் இரண்டு ஆட்களின் கைகள் போல இருக்கும். வலது கையில் நகங்கள் விரல்நுனியைத் தாண்டி ஒரு நூல் அளவு வளர்ந்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தன. இடது கையில் நகமே இல்லை என்று சொல்லலாம். விரல்நுனிகளில் தோல் காய்த்திருந்தது. "ஒரு கை கல்யாணப் பொண்ணு கை, ஒரு கை களை வெட்டுற கை" என்று செல்லக்கா சொன்னது சரியான வர்ணனை. அதைவிடச் சுருக்கமாக என்னால் எழுத முடிந்திருக்காது.

தினமும் காலை ஐந்து நாற்பதிலிருந்து ஆறு இருபத்தைந்து வரை நாற்பத்தைந்து நிமிடம். எட்டுப் பங்கு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நான்கு பங்கு முடிந்ததும் ஐந்து நிமிட ஓய்வு. ஓய்வு என்றால் எழுந்து போவதில்லை. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, நிலைக்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் பேசினாலும் பதில் வரும், கை மட்டும் அசையாது.

முதல் ஒரு மாதம் எனக்கு எல்லாம் ஒரே சத்தம். செல்லக்காதான் பிரித்துச் சொன்னார். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கும் சுரங்கள் 'ஏணி'. சேர்ந்து ஒலிக்கும் சுரப்பிடி ஒன்றை உடைத்துத் தந்தி தந்தியாக உதிர்ப்பது 'தூறல்'. வலது கையே படாமல் இடது கை விரல் தந்தியைத் தட்டியும் சுண்டியும் எழுப்பும் 'டொக் டொக்', 'கோழி'. கட்டைவிரல் தடித்த தந்தியில் ஒருமுறை தட்ட, மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் மெல்லிய தந்தி ஒன்றில் ஓயாமல் சுற்றிச் சுற்றி வருவது 'கொசு'. கிட்டார்க்காரர்கள் அதை ட்ரெமொலோ என்பார்கள். மற்ற நான்கு பங்குகளில் சத்தம் குறைவு என்பதால் செல்லக்கா அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை.

"அதெல்லாஞ் சரிங்க நிருபரு தம்பி, பாட்டு எப்ப வரும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டிலிருந்து ஒரு பாட்டும் வரவில்லை என்று செல்லக்கா சொன்னார். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, குளிக்காமலே எழுந்து போகிற மாதிரி இருக்கிறது என்றார். நேரில் கேட்டதற்கு லேபம்மா சொன்ன பதில்: "வர்றது எப்படியும் வருங்கக்கா. வராததுக்குத்தான் நாம ஒக்காரோணும்."

அவரைப் பற்றி நினைத்தால் இந்த வாக்கியம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. இதை அவர் கிட்டாருக்கு மட்டும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு குக்கிராமத்தில் காய்ச்சல். ஊழியர்கள் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிக் கொண்டுவந்தார்கள். எத்தனை பேருக்கு மலேரியா என்ற எண் எனக்கு வேண்டும். மாலை பஸ் ஐந்தரைக்கு. நான்கு மணிக்கு லேபுக்குப் போனேன். அவர் மைக்ராஸ்கோப்பில் இருந்தார்.

"இதுவரைக்கும் எத்தனைங்க?"

"இதுவரைக்கும்னு ஒண்ணு இல்லீங்க."

"உத்தேசமாச் சொன்னாப் போதும்."

"மொதல்ல பாத்த எட்டுல அஞ்சு இருக்குது. அதை வெச்சு எழுதினா ஊரே படுத்துக் கெடக்குதுன்னு ஆயிரும். மிச்சத்துல ஒண்ணுகூட இல்லாமயும் போகலாம்." கண்ணை எடுக்காமலே பேசினார். "ஒவ்வொரு தகட்டுலயும் நூறு எடம் பாக்கோணும். பத்தாவது எடத்துலயே கிருமி தெரிஞ்சாலும் நூறும் பாக்கோணும். தெரியாத தகட்டுக்கு நூறு, தெரிஞ்சதுக்குப் பத்துன்னா அது என்ன நியாயம்?"

பஸ் போய்விட்டது. அவர் சொன்ன எண் மறுநாள் காலையில்தான் கிடைத்தது. முதல் எட்டுக்குப் பிறகு வந்தவற்றில் இரண்டே இரண்டு, மொத்தம் ஏழு. அன்று காலை இன்னொரு நாளிதழில் வந்த எண் அதைப்போல ஐந்து மடங்கு. என் ஆசிரியர் போனில் முதலில் திட்டினார், பிறகு ஏழு என்றே போட்டார்.

என் செய்திகளையும் லேபம்மா அதே கண்ணோடு படித்தார். ஒருநாள் ஓய்வின் ஐந்து நிமிடத்தில், கைகள் தொங்கியபடி இருக்க, கதவு வழியாகச் சொன்னார்: "நேத்து நீங்க எழுதினதுல மேடையில யாரு யாரு ஒக்காந்திருந்தாங்கன்னு பன்னெண்டு வரி. தரைப்பாலம் போனதுக்கு ஒரு வரி. எது உங்களுக்குச் சுலபமோ அது நீளமா இருக்குது, பாருங்க." நான் பதில் சொல்வதற்குள் ஓய்வு முடிந்துவிட்டது. பங்கு நடக்கும்போது பேசமாட்டார்.

செல்லக்காவுக்கு மணி பார்க்கத் தெரியாது. அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பேட்டரி தீர்ந்து ஒரு வருடமாக நின்றிருந்தது. மாற்றத் தேவை ஏற்படவில்லை. முதல் சத்தத்துக்கு எழுந்திருப்பார். ஏணிக்கு அடுப்புப் பற்றவைப்பார். தூறலுக்குக் காப்பி. கோழிக்குத் தலை சீவல். கொசு கேட்டதும் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார். கொசு எப்போதும் எட்டாவது, கடைசி. அது முடிந்து ஐந்து நிமிடத்தில் பஸ் வரும்.

ஒரு திங்கட்கிழமை கொசு முதலில் வந்தது.

செல்லக்கா தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். தலை சீவவில்லை, காப்பி இல்லை, முகம்கூடக் கழுவவில்லை. இரண்டு பலாப்பழத்தையும் கொய்யாக் கூடையையும் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். அங்கே யாரும் இல்லை. பனி மட்டும் இருந்தது. பஸ் போய்விட்டது என்று முடிவு செய்தார். பழத்தை அங்கேயே ஒரு கடை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது ஏணி கேட்டது. நடுவீட்டுக் கதவைத் தள்ளினார்.

"ஏனுங்க லேபம்மா, இதென்ன அக்குறும்பு? கொசு முடிஞ்சு எங்கியாச்சும் ஏணி வருமா?"

பங்கு நடந்துகொண்டிருந்தது. செல்லக்கா விடவில்லை. தன் தாய்வீட்டில் ஆரம்பித்து, மிளகு விலை, கணவர் குடிக்கும் பீடி, கூரையில் ஒழுகும் இடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஓய்வு வந்தது, லேபம்மா மன்னிப்புக் கேட்டார், செல்லக்கா மீண்டும் ஆரம்பித்தார். ஆறரைக்கு பஸ் வந்து ஹாரன் அடித்துப் போனது. அந்த ஹாரன் மூன்று வீட்டுக்கும் கேட்டது.

செல்லக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சாமி, அப்ப நான் போனது எந்த பஸ்ஸுக்கு?"

லேபம்மா விளக்கினார். கடைசியில் வரும் பயிற்சிக்குத் தினமும் களைத்த கைதான் கிடைக்கிறது. ஒரு வருடமாகக் கொசு கடைசியில் இருந்தது, அதனால் அது மட்டும் வளரவில்லை. இனி வாரம் ஒருமுறை வரிசையைச் சுழற்றப் போகிறார்.

"கொசு வளரலைன்னு நானுங்களா அழுதேன்?" என்றார் செல்லக்கா.

லேபம்மா அன்றே கடிகாரத்துக்குப் பேட்டரி வாங்கித் தருவதாகச் சொன்னார். செல்லக்கா வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் ஏற்பட்ட உடன்பாடு: வரிசை மாறுவதற்கு முந்தின நாள் மாலை, சுவருக்கு மேலே குரல் கொடுத்து, மறுநாள் வரிசையைச் சொல்லிவிட வேண்டும்.

"நாளைக்குக் கடைசி எதுங்க?"

"கோழிங்கக்கா. கொசு ரெண்டாவது."

"செரி. அப்ப கோழிக்குக் கெளம்புறேன்."

இப்படித்தான் கிளாசிக்கல் கிட்டாரின் பயிற்சித் திட்டம் ஒன்று, வாரா வாரம் திருத்தங்களோடு, குச்சிக்கிழங்கு பயிரிடும் ஒரு பெண்ணுக்கு மனப்பாடமாக இருந்தது.

திட்டம் எழுதியிருந்த தாளை ஒருமுறை பார்த்தேன். பழைய லேப் படிவத்தின் பின்பக்கம். எட்டுக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறிய எண். மேசைக் கடிகாரத்தின் ஒரு 'டிக்'குக்கு எத்தனை சுரம் என்பது அந்த எண். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒரு வாரம் பிசகாமல் வந்தால்தான் எண் கூடும். ஏணி நான்கில் இருந்தது. அதற்கு மேலே போக அவரால் முடியும் என்பது கேட்டாலே தெரியும். ஆனால் போகமாட்டார். மற்ற ஏழும் நான்குக்கு வரும்வரை ஏணி காத்திருக்க வேண்டும். ஞாயிறு மாலை தாளைப் பார்த்து, எது பின்தங்கியதோ அதை அடுத்த வாரம் முதலில் வைப்பார். அதற்காக நேரத்தைக் கூட்டமாட்டார். இடம்தான் மாறும்.

"பின்தங்கினதுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"அப்பிடித்தாங்க கை போச்சு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

மீதியை அவர் அண்ணன் சொன்னார். காளப்பநாயக்கன்பட்டியில் வெங்காயமும் குச்சிக்கிழங்கும் பயிரிடுபவர். மாதம் ஒருமுறை அரிசியும் எண்ணெயும் கொண்டுவருவார். 1999 ஆகஸ்ட்டில் ஒருநாள் தங்கையைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, அம்மிணி எவ்வளவு நேரம் வாசிக்குது?"

"முக்கால் மணி நேரம்ங்க."

"அதுக்கு மேல?"

"இல்லீங்க."

"நெசமாவா?"

பிறகு சொன்னார். தங்கை பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். ஹாஸ்டலில் ஒரு தோழியின் கிட்டாரில் ஆரம்பித்து, முறையாக வகுப்புக்குப் போய், எட்டு நிலைத் தேர்வுகளில் ஏழு முடித்திருந்தார். எட்டாவதுக்கு மூன்று பாட்டு. மூன்றாவது பாட்டு முழுக்க ட்ரெமொலோ. அது அவருக்குப் பிடித்தும்போனது. வேலை முடிந்து வந்து மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் அது ஒன்றையே வாசித்தார். ஒருநாள் வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்க ஆரம்பித்தன. அவர் நிறுத்தவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தேர்வுக்குப் போகவில்லை. வேலைக்கும் போகமுடியவில்லை. பிப்பெட் குழாயைப் பிடித்தால் நழுவியது.

"நாந்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அண்ணன். "சோத்தை உருண்டை புடிக்க வராதுங்க. ரெண்டு வெரலு உள்ளாற மடங்கிக் கெடக்கும். ஆறு மாசம் ஸ்பூன்ல சாப்புட்டுது. கண்ணாலம் வேண்டாம்னுது, செரின்னேன். மலையில வேலை வாங்கிட்டுப் போறேன்னுது, செரின்னேன். கிட்டாரு பொட்டியத் திரும்பத் தொறந்துருக்குதுன்னு கேட்டதும் மூணு நாள் எனக்குத் தூக்கம் இல்லீங்க." டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "இப்ப மறுக்காவும் அந்தப் பரீச்சைக்குப் பணங் கட்டியிருக்குதாம். நவம்பர்ல. மறுபடியும் கை மடங்குனா வேலையும் போயிருமுங்க. முக்கா மணிக்கு மேல போனா, எங்கூருல மளிகைக்கடைக்கு ஒரு போன் பண்ணுங்க. பஸ்ஸேறி வந்தர்றேன்."

நம்பரைச் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை நான் கேட்டதும் லேபம்மா மறைக்கவில்லை. "அண்ணன் சொல்லிட்டாருங்களா?" என்றார். எட்டாம் நிலைத் தேர்வுதான். மூன்று பாட்டுகளில் இரண்டை மாற்றியிருந்தார். மூன்றாவதை மாற்றவில்லை. அதே ட்ரெமொலோ பாட்டு.

"வேற எடுத்திருக்கலாமே."

"எடுத்திருக்கலாம்ங்க. ஆனா அது என்னை அடிச்ச பாட்டு. அதை விட்டுட்டுப் பாஸ் பண்ணினா மைக்ராஸ்கோப்புல கெட்ட தகட்டை ஒதுக்கி வெச்சுட்டு ரிப்போர்ட் எழுதின மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார்: "முக்கால் மணி நேரப் பயிற்சி அந்தப் பாட்டைத் தாங்குமான்னு பாக்கோணும். தாங்கலைன்னா திட்டம் தப்பு. கை தப்பில்லை."

செப்டம்பரில் பாட்டுகள் வந்தன. செல்லக்கா முதல்முறை கேட்டபோது அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். அண்ணனிடம் சொல்லிவிட்டு, மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் பாட்டு, அதில் கொசுப் பாட்டுக்கு ஐந்து நிமிடம், அதிலும் ஒவ்வொரு பாட்டிலும் பாதிதான். முழுப் பாட்டை நாங்கள் யாரும் கேட்கவில்லை. "தலையில்லாமக் கொஞ்சம், வாலில்லாமக் கொஞ்சம்" என்று செல்லக்கா குறை சொன்னார். ஆனாலும் ஆறு மணிக்கு வேலை எதுவும் வைத்துக்கொள்ளமாட்டார்.

அக்டோபர் கடைசியில், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு மாலை கொசு நிற்கவில்லை. ஆறு இருபது ஆனது, ஆறரை ஆனது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்குப் பேனாவை வைத்தேன். பாட்டின் அதே நான்கு தாளக்கட்டங்கள், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வேகம். மூன்று விரல்களின் சத்தமும் முதலில் சமமாக இருந்தது. பிறகு மூன்றில் ஒன்று மங்க ஆரம்பித்தது. டிக், டிக், டிக் என்று வரவேண்டியது, டிக், டிக் என்று மட்டும் கேட்டது. சிகரெட் அட்டை மேசைமேல்தான் இருந்தது. மளிகைக்கடை எட்டு மணிவரை திறந்திருக்கும். எஸ்.டி.டி. பூத் நூறு அடியில். நான் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அவர் கை, அவர் தேர்வு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுவருக்கு மேலே மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

"லேபம்மாவ்! கொசு ரொம்ப நேரமாக் கடிக்குதுங்க!"

கொசு நிற்கவில்லை.

"காலைல அஞ்சு, சாயந்தரம் அஞ்சு. அதுதானுங்களே கணக்கு? இன்னிக்கு என்ன கொசு மட்டும் ஊட்டுல தங்கிருச்சு?"

அப்போதும் நிற்கவில்லை. செல்லக்கா குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, போதுஞ் சாமி. ஒரு காலு நொண்டுது. எனக்கே கேக்குது."

சத்தம் நின்றது. பிறகு வள்ளத்தை நிமிர்த்தி வைக்கும் ஓசை. பிறகு லேபம்மாவின் குரல், வழக்கமான குரல்: "நாளைக்குக் கடைசி ஏணிங்கக்கா. கொசு லீவு."

"எத்தினி நாளைக்கு?"

"பத்து நாளைக்குங்க."

பத்து நாளும் அவர் ஏழு பங்குதான் வாசித்தார். எட்டாவது பங்கின் ஐந்து நிமிடத்துக்கு வேறு எதையும் போடவில்லை. கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பதினோராவது நாள் ஒரு டிக்குக்கு ஒன்று என்று கொசுவை மறுபடி ஆரம்பித்தார். கேட்கச் சிரிப்பாக இருந்தது. கொசுவுக்கு வயசாகிவிட்டது என்றார் செல்லக்கா. நான் சிகரெட் அட்டையைக் கிழித்துப் போட்டேன். அதைச் செய்யும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தது நான் இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஆறரை பஸ்ஸில், செல்லக்காவின் கூடையும் லேபம்மாவின் கிட்டார்ப் பெட்டியும் ஒரே சீட்டில் போயின. கீழே அண்ணன் காத்திருந்து சேலத்துக்குக் கூட்டிப்போய், தேர்வு நடக்கும் ஊருக்கு ரயிலேற்றினார். தானும் ஏறிக்கொண்டார். டிக்கெட் எடுத்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஞாயிறு மதியம் லேபம்மா திரும்பி வந்தார். நாங்கள் இருவரும் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம்.

"பாஸுங்களா?" என்றார் செல்லக்கா.

"முடிவு தபால்ல வரும்ங்கக்கா. ஆனா பாஸ் வராதுன்னு நெனைக்கிறேன்."

நடந்ததை அவர் வரிசையாகச் சொன்னார். ஒரு பள்ளிக்கூட அறை. தேர்வாளர் ஒரு வெளிநாட்டுப் பெரியவர். முதலில் டெக்னிக் பகுதி. ஏணி, தூறல், கோழி, எல்லாம் அவர் கேட்ட வரிசையில். எதுவும் பிசகவில்லை. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, சரி. மூன்றாவது பாட்டின் கடைசிப் பக்கத்தில் மோதிர விரல் நுனி கொஞ்சம் உள்ளே இழுத்தது. வலி இல்லை, இழுப்புதான்.

"பெங்களூர்ல அன்னைக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சது. அன்னைக்கு நான் நிறுத்தலை."

"இப்ப?" என்றேன்.

"கையை எடுத்துட்டேன்ங்க."

தேர்வாளர் எழுதுவதை நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தாராம். கொஞ்சம் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றாராம். லேபம்மா நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லி, கிட்டாரைப் பெட்டியில் வைத்தார். வெளியே அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலில் கையைக் காட்டச் சொன்னார், பிறகுதான் தேர்வைப் பற்றிக் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு பாட்டு இருந்துச்சு?" செல்லக்கா கேட்டார்.

"பதினாறு தாளக்கட்டம்ங்க. அரை நிமிஷம் வரும்."

"அரை நிமிசமா! பல்லக் கடிச்சுட்டு வாசிச்சுருக்கலாமுல்ல?"

"வாசிச்சிருக்கலாம்ங்க."

செல்லக்கா அவருடைய வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக விரித்துப் பார்த்தார். ஐந்தும் விரிந்தன. மடக்கச் சொன்னார். மடங்கின. மறுபடி விரிக்கச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார், கையை விடாமலே. "நகந்தான் காட்டேரி மாதிரி."

லேபம்மா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

முடிவு ஜனவரி இரண்டாம் வாரம் தபாலில் வந்தது. டெக்னிக் பகுதிக்கு முழு மதிப்பெண். மொத்தத்தில், தேர்ச்சிக்கு நான்கு குறைவு.